ஸ்டோன்ஹெஞ்ச்: யார் கட்டினார்கள், எப்படிக் கட்டினார்கள், கற்கள் எங்கிருந்து வந்தன?

ஸ்டோன்ஹெஞ்ச் பற்றிப் பேச்செடுத்தாலே 'மர்மம்' என்ற சொல்லும் கூடவே வந்துவிடுகிறது. எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. மர்மம், மர்மம் என்று சொல்லிச் சொல்லியே அதைக் கட்டிய மனிதர்களை நாம் மறந்துவிட்டோம். மான் கொம்பையும் கயிறையும் மரத்தையும் வைத்துக்கொண்டு அவர்கள் செய்த வேலையில் நமக்குத் தெரிந்த பகுதியே ஏராளம், அதிலும் கடந்த இருபது வருடங்களில் தெரியவந்தது முந்தைய முன்னூறு வருடங்களில் தெரிந்ததைவிட அதிகம். நண்பர்கள் அடிக்கடி கேட்கிற கேள்விகளை எடுத்து, தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

ஸ்டோன்ஹெஞ்ச் எங்கே இருக்கிறது, அங்கே என்னதான் இருக்கிறது?

தெற்கு இங்கிலாந்தில், வில்ட்ஷயர் மாவட்டத்தில், சாலிஸ்பரி சமவெளி என்ற பரந்த புல்வெளியில் இருக்கிறது. பக்கத்து ஊர் ஏம்ஸ்பரி, சுமார் 3 கிலோமீட்டர்.

வெளியிலிருந்து உள்ளே போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் சுமார் 110 மீட்டர் விட்டத்தில் ஒரு வட்டமான அகழியும் மண்மேடும், அதை ஒட்டி உள்பக்கம் 56 குழிகளின் வளையம் (இப்போது தரையில் அடையாளம் மட்டும்தான்). நடுவில் சுமார் 30 மீட்டர் விட்டத்தில் பெரிய கற்களின் வட்டம், கற்களின் தலைமேல் படுக்கவைத்த உத்தரக் கற்கள். அந்த வட்டத்துக்குள், குதிரை லாட வடிவத்தில் ஐந்து ஜோடிகள். ஜோடி என்றால் வாசல் நிலை மாதிரி: இரண்டு கல் நின்றிருக்கும், மேலே ஒரு கல் படுத்திருக்கும். இவற்றுக்கு இடையிடையே ஆள் உயரம், அதற்குச் சற்றுக் கூடுதல் என்ற அளவில் சிறிய கற்கள். இப்போது பாதிக்கு மேல் விழுந்தும் உடைந்தும் காணாமலும் போய்விட்டன. வெளிவட்டத்தில் 30 கல் நின்ற இடத்தில் 17 தான் நிற்கின்றன.

எத்தனை வருடம் பழையது?

இந்தக் கேள்விக்கு ஒரே எண்ணைப் பதிலாகச் சொன்னால் தவறாகிவிடும். அது ஒரே சமயத்தில் கட்டப்பட்டது இல்லை. ஒரு பழைய கோயிலில் கருவறை ஒரு காலம், மண்டபம் ஒரு காலம், கோபுரம் இன்னொரு காலம் என்று இருக்குமே, அதே கதைதான்.

அகழியும் மண்மேடும் கி.மு. 3000 வாக்கில் வந்தவை. நாம் படங்களில் பார்க்கிற பெரிய கற்கள் கி.மு. 2500 வாக்கில் எழுந்தவை. இரண்டுக்கும் நடுவே 500 வருடம். அதாவது பெரிய கல்லை நட்டவர்களுக்கு அகழி வெட்டியவர்கள் இருபது தலைமுறைக்கு முந்தைய மூதாதையர்கள். அதன் பிறகும் வேலை நின்றுவிடவில்லை. சிறிய கற்களைப் பிடுங்கி, மாற்றி, மறுபடி நட்டிருக்கிறார்கள். கி.மு. 1600 வாக்கில் வெளிப்புறம் இரண்டு குழி வளையங்கள் தோண்டியிருக்கிறார்கள், ஆனால் அவற்றில் கல் எதுவும் நடப்படவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், பெரிய கற்கள் எழுந்த அதே காலகட்டத்தில்தான் எகிப்தில் கூஃபுவின் பிரமிடு எழுந்தது, சிந்து வெளியில் மொகஞ்சதாரோ செழிப்பாக இருந்தது. ஒன்றோடொன்று எந்தத் தொடர்பும் கிடையாது, காலம் மட்டும்தான் ஒன்று.

அதற்கும் முன்னால் அந்த இடத்தில் எதுவும் இல்லையா?

இருந்தது. 1966இல் வாகன நிறுத்துமிடம் விரிவாக்கத் தோண்டியபோது சில பெரிய குழிகள் கிடைத்தன. பைன் மரத்தின் பெரும் கம்பங்கள் நின்றிருந்த குழிகள். காலம் கணித்துப் பார்த்தால் கி.மு. 8500க்கும் 7000க்கும் இடைப்பட்டது என்று வந்தது! வேட்டையாடி, கிழங்கு பழம் சேர்த்து வாழ்ந்த மக்கள் நட்ட கம்பங்கள் அவை. விவசாயம் பிரிட்டனுக்கு வருவதற்கே இன்னும் மூவாயிரம் வருடத்துக்கு மேல் இருக்கிறது. கம்பம் நட்டவர்களின் நினைவு கல் நட்டவர்கள் வரை நீடித்திருக்குமா என்றால் சந்தேகம்தான். ஆனால் ஏன் திரும்பத் திரும்ப அதே இடம் என்பதற்கு ஒரு நல்ல விளக்கம் உண்டு, சூரியன் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

அகழியை எதை வைத்துத் தோண்டினார்கள்?

மான் கொம்பு. இரும்பு இல்லை, செம்பும் அந்தக் காலத்தில் பிரிட்டனுக்கு வரவில்லை. அங்குள்ள செம்மான் ஆண்டுதோறும் கொம்பை உதிர்க்கும். அதைப் பொறுக்கி வந்து, ஒரு கிளையை மட்டும் விட்டு மற்றவற்றை ஒடித்துவிட்டால் கைக்கு அடக்கமான குந்தாலி தயார். அடியில் இருப்பது வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. கொம்பின் கூர்முனையை அதன் வெடிப்பில் செருகி, தட்டி, நெம்பினால் கட்டி கட்டியாகப் பெயர்ந்து வரும். வேலை முடிந்ததும் அந்தக் கொம்புகளை அகழியின் அடியிலேயே போட்டுவிட்டார்கள். அந்தக் கொம்புகளை வைத்துத்தான் இன்று நாம் காலத்தையே கணித்திருக்கிறோம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அகழியின் அடியில், வாசல் பக்கமாக, மாட்டுத் தாடை எலும்புகளும் மண்டை ஓடும் கிடைத்தன. அவற்றின் வயதைக் கணித்தால், தோண்டிய கொம்புகளைவிட அவை பழையவை. அதாவது எங்கோ பத்திரமாக வைத்திருந்த பழைய எலும்பைக் கொண்டு வந்து புதிய அகழியில் இட்டிருக்கிறார்கள். பாட்டன் காலத்துப் பொருளைப் புது வீட்டு அஸ்திவாரத்தில் வைப்பது போன்ற ஒரு செயல். ஐயாயிரம் வருடத்துக்கு அப்பாலிருந்து ஒரு மனம் தெரிகிறது, பாருங்கள்.

அது கோயிலா, சுடுகாடா?

முதல் 500 வருடம், நிச்சயமாக இறந்தவர்களுக்கான இடம். உடலை வேறெங்கோ எரித்துவிட்டு, எலும்பைப் பொறுக்கி எடுத்து வந்து இங்கே புதைத்திருக்கிறார்கள். 1919 முதல் 1926 வரை வில்லியம் ஹாலி என்பவர் தோண்டியபோது சுமார் அறுபது இத்தகைய புதைப்புகள் கிடைத்தன. அந்த நாளில் எரிந்த எலும்பை வைத்து எதுவும் செய்ய முடியாது என்று நினைத்தார்கள். எந்த அருங்காட்சியகமும் அக்கறை காட்டவில்லை. 1935இல் எல்லாவற்றையும் மூட்டைகளில் போட்டு, முன்பு சொன்ன 56 குழிகளில் ஏழாம் எண் குழிக்குள் திரும்பப் புதைத்துவிட்டார்கள். 2008இல் அதைத் திறந்தபோது எல்லாருடைய எலும்பும் ஒன்றாகக் கலந்து கிடந்தது, துண்டு துண்டாக.

பிரித்துப் பார்த்ததில் ஆண், பெண், குழந்தை மூவருமே இருந்தார்கள். இன்னொரு ஆய்வு 2018இல் வந்தது. எரிந்த எலும்பிலும் ஸ்ட்ரான்சியம் என்ற தனிமம் மாறாமல் இருக்கும், ஒருவர் கடைசி வருடங்களில் சாப்பிட்ட உணவு எந்த மண்ணில் விளைந்தது என்று அதை வைத்துச் சொல்லலாம். ஆராய்ந்த 25 பேரில் 10 பேர் அந்தச் சுண்ணாம்பு நிலத்துக்காரர்கள் இல்லை. அவர்களின் அளவு மேற்கு வேல்ஸ் பகுதியோடு ஒத்துப்போகிறது. சிறிய கற்கள் வந்ததும் அதே மேற்கு வேல்ஸிலிருந்துதான். கல்லோடு ஆட்களும் வந்திருக்கிறார்கள், இறந்தவர்களும் வந்திருக்கிறார்கள்.

கற்கள் எங்கிருந்து வந்தன?

மூன்று இடம். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பெரிய கற்களுக்கு சார்சன் என்று பெயர். மணல் துகள்கள் சிலிக்காவால் ஒட்டி இறுகிய பாறை, கிட்டத்தட்ட முழுக்கவே சிலிக்கா, அதனால் பயங்கரக் கடினம். நிற்கிற கல் ஒன்று சராசரியாக 20 டன்னுக்கு மேல், மிகப் பெரியவை 30 டன்னைத் தாண்டும். இவை சுமார் 25 கிலோமீட்டர் வடக்கே, மார்ல்பரோ ஊருக்குப் பக்கத்தில் உள்ள வெஸ்ட் வுட்ஸ் என்ற காட்டிலிருந்து வந்தவை என்று 2020இல் உறுதியானது. மிச்சமிருக்கும் 52 சார்சன்களில் 50 கற்களின் வேதியியல் ஒரே மாதிரி இருந்தது.

அது உறுதியான விதம் தனிக் கதை. 1958இல் விழுந்து கிடந்த சில கற்களைத் தூக்கி நிறுத்தியபோது, 58ஆம் எண் கல்லில் விரிசல் தெரிந்தது. குறுக்கே துளையிட்டு உலோகக் கம்பி செருகினார்கள். துளையிட்டபோது வெளியே வந்த, கைத்தடி போன்ற உருளைக் கல்லை வேலையில் இருந்த ஒருவர் நினைவாக எடுத்து வைத்துக்கொண்டார். அறுபது வருடம் அவரிடமே இருந்தது. தொண்ணூறு வயதை நெருங்கும்போது, 2018இல், திருப்பிக் கொடுத்துவிட்டார். நிற்கிற கல்லை உடைத்துச் சோதிக்க யாரும் அனுமதிக்க மாட்டார்கள், இதை உடைக்கலாம். உடைத்து, அரைத்து, ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வெஸ்ட் வுட்ஸ் என்று கண்டுபிடித்தார்கள்.

சிறிய கற்களை புளூஸ்டோன் என்கிறார்கள். நீலக்கல் என்று தமிழில் எழுதினால் மோதிரத்துக் கல் ஞாபகம் வந்துவிடும், அதனால் புளூஸ்டோன் என்றே வைத்துக்கொள்வோம். மழையில் நனைந்தால் லேசான நீலச் சாயல் தெரியும், அவ்வளவுதான். ஒவ்வொன்றும் 2 முதல் 5 டன். இவை மேற்கு வேல்ஸின் பிரெசெலி குன்றுகளிலிருந்து வந்தவை, பறவை பறக்கிற தூரமே சுமார் 225 கிலோமீட்டர். 1923இல் ஹெர்பர்ட் தாமஸ் என்ற புவியியலாளர் கல்லில் உள்ள வெள்ளைப் புள்ளிகளை வைத்து இதைச் சொன்னார். பிற்பாடு கார்ன் கோடாக், கிரெய்க் ரோஸ்-இ-ஃபெலின் என்ற இரண்டு பாறை முகடுகள் வரை துல்லியமாகக் குறித்துவிட்டார்கள். அங்கே பாறை இயற்கையாகவே தூண் தூணாகப் பிளந்து நிற்கும். வெட்ட வேண்டாம், பிளவில் ஆப்பு வைத்துப் பெயர்த்தால் போதும்.

மூன்றாவது, பலிபீடக் கல் என்று அழைக்கப்படும் ஒற்றைக் கல். அதற்குத் தனிக் கேள்வியே தரவேண்டும்.

பலிபீடக் கல் பற்றி 2024இல் பெரிய செய்தி வந்ததே, அது என்ன?

நடுவில், விழுந்த இரண்டு கற்களுக்கு அடியில் நசுங்கிக் கிடக்கிற 5 மீட்டர் நீள மணற்கல் அது. 6 டன். பலிபீடம் என்பது பின்னால் வந்தவர்கள் வைத்த பெயர், அங்கே யாரையும் பலி கொடுத்ததற்கு ஆதாரம் இல்லை. நூறு வருடமாக அதுவும் வேல்ஸ் கல்தான் என்று நம்பிக்கொண்டிருந்தோம். 2024 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் கர்ட்டின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், பிரிட்டன் ஆய்வாளர்களோடு சேர்ந்து ஒரு முடிவை வெளியிட்டார்கள். மணற்கல்லில் சிர்க்கான், அபடைட் போன்ற கனிமங்களின் நுண்ணிய துகள்கள் இருக்கும். அந்தத் துகள்கள் எந்தக் காலத்தில் உருவானவை என்று கணித்தால், மணல் எந்த மலைகளிலிருந்து அரித்து வந்தது என்று தெரியும், கைரேகை மாதிரி. அந்த ரேகை வேல்ஸோடு ஒத்துப்போகவே இல்லை. ஒத்துப்போனது ஸ்காட்லாந்தின் வடகிழக்கு மூலையோடு.

குறைந்தது 700 கிலோமீட்டர்! செய்தியைப் படித்த அன்று வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிட்டன் தீவின் வடகோடியிலிருந்து கிட்டத்தட்ட தென்கோடிக்கு, நடுவில் மலைகள், ஆறுகள், காடு. கடலில் வந்ததா, தரையில் வந்ததா என்ற விவாதம் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. எப்படி வந்திருந்தாலும் வழியில் எத்தனையோ ஊர்க்காரர்களின் நிலத்தைத் தாண்டித்தான் வரவேண்டும். அவர்கள் அனுமதிக்காமல், உதவாமல், சோறு போடாமல் இது நடந்திருக்காது. தீவு முழுக்க ஆட்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள் என்பதற்கு இதைவிடக் கனமான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

பனிப்பாறைகள் இழுத்து வந்து போட்டிருக்கலாமே?

சிலர் இப்போதும் அப்படி வாதிடுகிறார்கள். பனியுகத்தில் பனிப்பாறைகள் பெருங்கற்களை நகர்த்துவது உண்மைதான். ஆனால் பனி கொண்டு வந்திருந்தால் சாலிஸ்பரி சமவெளி முழுக்க அப்படிப்பட்ட கற்கள் பெரிதும் சிறிதுமாகச் சிதறிக் கிடக்க வேண்டும். கிடக்கவில்லை. வேல்ஸின் குறிப்பிட்ட சில முகடுகளின் கல் மட்டும், இந்த ஒரு இடத்தில் மட்டும், வட்டத்துக்குத் தேவையான எண்ணிக்கையில் பனி கொண்டு வந்து சேர்த்தது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பெரும்பாலான தொல்லியலாளர்களும் ஏற்பதில்லை.

சக்கரம் இல்லாமல் 25 டன் கல்லை எப்படி நகர்த்தினார்கள்?

வடம் பிடித்துத்தான். தேர் இழுத்த ஊர்க்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். நூறு நூற்றைம்பது பேர் ஒரே மூச்சில், ஒரே தாளத்தில் இழுத்தால் என்ன நகரும் என்று உடம்புக்கே தெரியும்.

கல்லைப் பெரிய மரச் சறுக்கின் மேல் ஏற்றிக் கட்டி, தரையில் மரக்கட்டைகளைத் தண்டவாளம் மாதிரி பாவி, அதன் மேல் இழுத்திருக்க வேண்டும் என்பதுதான் இன்று பலரும் ஏற்கிற விளக்கம். 2016இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஒரு சோதனை செய்தார்கள். சுமார் ஒரு டன் கல், மரச் சறுக்கு, பத்துப் பேர். எதிர்பார்த்ததைவிட வேகமாக, மணிக்கு ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல், நகர்ந்தது. அந்தக் கணக்கில் ஒரு புளூஸ்டோனுக்கு முப்பது நாற்பது பேர் போதும். சார்சனுக்குத்தான் நூற்றுக்கணக்கில் ஆள் வேண்டும், மேட்டில் ஏற்றும்போது இன்னும் கூடுதலாக.

கடல் வழி என்றால் எளிது என்று தோன்றும். 2000ஆம் ஆண்டில் வேல்ஸிலிருந்து ஒரு புளூஸ்டோனைக் கடல் வழியாகக் கொண்டுவர ஒரு குழு முயன்றது, கல் கடலில் மூழ்கிப்போனது. அதனால் கடல் வழி சாத்தியமே இல்லை என்று சொல்ல மாட்டேன், பழக்கம் இல்லாதவர்கள் செய்த ஒரு முயற்சி அது. ஆனால் தரையில் கல் கவிழ்ந்தால் மறுநாள் நிமிர்த்தலாம்.

இரும்பு உளி இல்லாமல் அந்தக் கல்லை எப்படிச் செதுக்கினார்கள்?

கல்லால் கல்லை இடித்து. அவ்வளவுதான், வேறு ரகசியம் எதுவும் இல்லை. சார்சனிலும் சக்கிமுக்கியிலும் ஆன உருண்டைகள், கையில் அடங்குகிற அளவிலிருந்து இரண்டு கையாலும் தூக்க வேண்டிய அளவு வரை, நிறையக் கிடைத்திருக்கின்றன. அவற்றால் ஒரே இடத்தில் மாற்றி மாற்றி இடித்தால் பொடி உதிரும். நாள் முழுக்க இடித்தாலும் கொஞ்சம்தான் உதிரும். வட்டத்துக்கு வடக்கே ஓர் இடத்தில் சார்சன் சில்லுகள் குவியலாகக் கிடைத்தன, கல் செதுக்கிய களம் அதுதான்.

பார்ப்பவர் கண்ணில் படுகிற பக்கங்களை நன்றாக இழைத்து, மற்ற பக்கங்களைச் சற்று முரடாக விட்டிருக்கிறார்கள். வேலைக்காரனின் இயல்பு எந்தக் காலத்திலும் அப்படித்தான்.

மேலே இருக்கும் கல் எப்படி விழாமல் நிற்கிறது?

இந்த இடத்துக்கு வரத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன். உத்தரக் கல் சும்மா தூக்கி வைக்கப்படவில்லை. நிற்கும் கல்லின் தலையில் ஒரு குமிழ் செதுக்கியிருக்கிறார்கள். படுக்கும் கல்லின் அடியில் அதற்குப் பொருந்துகிற குழி. குழியில் குமிழ் போய் உட்கார்ந்துகொள்ளும். வெளிவட்டத்தில் பக்கத்துப் பக்கத்து உத்தரக் கற்களும் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருக்கின்றன, ஒன்றில் நாக்கு, அடுத்ததில் காடி. இது கல்தச்சனின் முறையே இல்லை, மரத்தச்சனின் முறை. கதவு நிலை செய்கிற எந்த ஆசாரியிடம் காட்டினாலும் பார்த்த உடனே அடையாளம் சொல்லிவிடுவார்.

ஒரு குமிழ் செதுக்குவது என்றால் என்ன பொருள் என்று யோசித்துப் பாருங்கள். மரத்தில் செய்வதுபோல் தனியாக ஒரு முளையைச் செய்து ஒட்ட முடியாது, குமிழைச் சுற்றியுள்ள கல்லின் தலை முழுவதையும் இடித்து இறக்க வேண்டும். குமிழ் நிற்க, மற்றதெல்லாம் பொடியாக வேண்டும். அதுவும் எஃகு உளியையே மழுக்குகிற கல்லில், கல் உருண்டையால்.

அதோடு விடவில்லை. வட்டத்தின் உத்தரக் கற்கள் நேராக இல்லாமல் வட்டத்தின் வளைவுக்கேற்ப லேசாக வளைத்துச் செதுக்கப்பட்டவை. தரை ஒரு பக்கம் சரிகிறது, ஆனால் மேலே உத்தரங்கள் கிடைமட்டமாக நின்றன. அதாவது ஒவ்வொரு கல்லும் எவ்வளவு ஆழம் மண்ணுக்குள் போகவேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் கல்வட்டங்கள் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன, ஏவ்பரி வட்டம் இதைவிடப் பல மடங்கு பெரியது. ஆனால் கல்லைச் செதுக்கி, கோத்து, தலைமேல் உத்தரம் வைத்தது இங்கே மட்டும்தான்.

நிறுத்தியதும் தூக்கி வைத்ததும் எப்படி?

குழியின் ஒரு பக்கம் சரிவாகவும், எதிர்ப்பக்கம் செங்குத்தாகவும் வெட்டியிருக்கிறார்கள். கல்லின் அடிப்பாகம் சரிவு வழியே குழிக்குள் இறங்கும். பிறகு மறுபக்கத்திலிருந்து கயிறு கட்டி இழுத்து நிமிர்த்தி, கல்லும் சுண்ணாம்பு மண்ணும் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். உத்தரக் கல்லுக்கு, மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, கல்லின் ஒரு முனையை நெம்பித் தூக்கி ஒரு கட்டை, மறுமுனையைத் தூக்கி ஒரு கட்டை என்று சாரம் உயர உயரக் கல்லும் உயர்ந்திருக்கலாம். மண்சரிவில் ஏற்றினார்கள் என்றும் ஒரு கருத்து உண்டு. அவ்வளவு மண்ணைக் கொட்டி அள்ளிய தடயம் இல்லாததால் எனக்கு மரச்சாரம்தான் பொருத்தமாகப் படுகிறது.

இருப்பதிலேயே உயரமான 56ஆம் எண் கல் தரைக்கு மேல் 6.7 மீட்டர், தரைக்குக் கீழே 2.4 மீட்டர். அதன் ஜோடியான 55ஆம் கல் நீளத்தில் குட்டை. இரண்டின் தலையும் ஒரே மட்டத்துக்கு வரவேண்டும் என்பதால் அதைக் குறைந்த ஆழத்தில் நட்டு, பிடிமானத்துக்காக அடிப்பாகத்தைப் பருமனாக விட்டிருக்கிறார்கள். போதவில்லை, அது விழுந்து இரண்டாக உடைந்தது. அந்தப் பலிபீடக் கல்லை அமுக்கிக்கொண்டிருப்பதில் இதுவும் ஒன்று.

சூரியனுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

முழு அமைப்பின் அச்சும் ஒரே கோட்டில் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகல் வரும் நாளில், ஜூன் 21 வாக்கில், சூரியன் வடகிழக்கே அந்தக் கோட்டில் உதிக்கும். நேர் எதிர்த்திசையில், மிகக் குறுகிய பகல் வரும் டிசம்பர் 21, 22 வாக்கில், தென்மேற்கே மறையும். ஜூன் காலையில்தான் கூட்டம் அலைமோதுகிறது. ஆனால் கட்டியவர்களுக்கு டிசம்பர் மாலைதான் முக்கியமாக இருந்திருக்கும் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள், நானும் அந்தக் கட்சி. குளிர் வாட்டுகிற தேசத்தில், பகல் தேய்ந்துகொண்டே போய், இன்று முதல் மறுபடி வளரும் என்கிற நாள் அது.

இப்போது முன்பு சொன்ன விஷயம். வட்டத்திலிருந்து வடகிழக்கே அவென்யூ என்ற பாதை கிளம்பி, வளைந்து, ஏவன் ஆறு வரை இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் போகிறது. அதைத் தோண்டிப் பார்த்தபோது, மண்ணுக்கு அடியில் பனியுகத்தின் குளிரில் உண்டான நீண்ட வெடிப்புகள் வரிவரியாக இருந்தன. தற்செயலாக அந்த இயற்கை வரிகள் சூரியனின் அந்தக் கோட்டோடு சேர்ந்து ஓடுகின்றன. மனிதன் கோடு போடும் முன்பே நிலத்தில் கோடு கிடந்திருக்கிறது. அந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு, எனக்குத் தெரிந்தவரை, இதைவிட நல்ல விளக்கம் இன்னும் வரவில்லை.

கட்டியவர்கள் எங்கே தங்கினார்கள், என்ன சாப்பிட்டார்கள்?

மூன்று கிலோமீட்டர் தள்ளி டரிங்டன் வால்ஸ் என்ற இடத்தில். 2004 முதல் மைக் பார்க்கர் பியர்சன் தலைமையிலான குழு தோண்டியதில், கி.மு. 2500ஐ ஒட்டிய வீடுகளின் தரைகள் கிடைத்தன. சுமார் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர், சுண்ணாம்புத் தரை, நடுவில் அடுப்பு. அடுப்பின் பக்கத்தில் தரை சற்றுக் குழிந்திருந்த இடமும் உண்டு, யாரோ முழங்கால் போட்டு உட்கார்ந்து சமைத்த இடம்.

பன்றி எலும்புகள் மலை போலக் கிடைத்தன. பற்களின் தேய்மானத்தை வைத்துப் பார்த்தால் பல பன்றிகள் சுமார் ஒன்பது மாதத்தில் வெட்டப்பட்டவை. வசந்தத்தில் பிறந்த குட்டி ஒன்பது மாதத்தில் என்றால் சரியாகக் குளிர்கால நடுப்பகுதி. அந்த டிசம்பர் நாட்களின் விருந்து! பன்றிகளையும் பல்வேறு திசைகளிலிருந்து, நெடுந்தூரத்திலிருந்து ஓட்டி வந்திருக்கிறார்கள் என்று 2019இல் வந்த ஆய்வு சொல்கிறது.

இந்த மக்கள் யார்? ட்ரூயிட் பூசாரிகளா?

இல்லை. ட்ரூயிடுகள் பற்றி நமக்குத் தெரிவது ஜூலியஸ் சீசர் காலத்தை ஒட்டி, கி.மு. முதல் நூற்றாண்டில். பெரிய கற்கள் நட்டு அதற்குள் இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. 17ஆம் நூற்றாண்டில் ஜான் ஆப்ரே, 18ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஸ்டியூக்லி என்ற பழம்பொருள் ஆய்வாளர்கள் இருவரும் ட்ரூயிடுகள்தான் கட்டினார்கள் என்று ஊகித்தார்கள், அந்த ஊகம் ஊரெல்லாம் பரவி நிலைத்துவிட்டது. அந்த 56 குழிகளுக்கு ஆப்ரேயின் பெயர்தான். அதற்கு முன்பு, 12ஆம் நூற்றாண்டில், மெர்லின் என்ற மந்திரவாதி அயர்லாந்திலிருந்து கொண்டு வந்தான் என்று ஜெஃப்ரி ஆஃப் மன்மத் எழுதினார். கல் மேற்கிலிருந்து வந்தது என்ற அளவில் அந்தக் கதை உண்மைக்குப் பக்கத்தில் இருப்பது வியப்புதான்.

மரபணு ஆய்வுகள் சொல்வது: கட்டியவர்கள் கி.மு. 4000 வாக்கில் பிரிட்டனுக்கு வந்த விவசாயிகளின் வழிவந்தவர்கள், அவர்களின் மூதாதையர் இன்றைய துருக்கிப் பகுதியிலிருந்து தலைமுறை தலைமுறையாக ஐரோப்பா வழியே நகர்ந்து வந்தவர்கள். பெரிய கற்கள் எழுந்து நூறு இருநூறு வருடத்துக்குள் ஐரோப்பாவிலிருந்து பீக்கர் மக்கள் என்ற புதியவர்கள் வந்தார்கள், உலோகமும் வந்தது. சில நூற்றாண்டுகளில் பிரிட்டன் மக்களின் மரபணுவில் சுமார் 90 சதவீதம் புதியவர்களுடையதாக மாறிவிட்டது. கட்டியவர்களின் வம்சம் ஏறக்குறைய கரைந்துபோனது. ஆனால் புதியவர்கள் வட்டத்தை இடிக்கவில்லை, அதைச் சுற்றியே தங்கள் இறந்தவர்களைப் புதைத்தார்கள்.

வேற்றுக்கிரகவாசிகள் கட்டியிருக்கலாம் என்கிறார்களே?

கொம்பு கிடைத்திருக்கிறது, இடித்த கல் கிடைத்திருக்கிறது, சில்லு கிடைத்திருக்கிறது, சமைத்த அடுப்பு கிடைத்திருக்கிறது, தின்ற எலும்பு கிடைத்திருக்கிறது. நிலத்தில் பாடுபட்ட மனிதர்களிடமிருந்து அவர்கள் உழைப்பைப் பறித்து வானத்தில் இருப்பவர்களுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போது நிற்பது 1950களில் கான்கிரீட்டில் கட்டியது என்று ஒரு படம் சுற்றுகிறதே?

படம் உண்மையானது, விளக்கம் பொய். கிரேன் வைத்துக் கல்லைத் தூக்குகிற அந்தப் படங்கள் பழுது பார்த்த வேலையின் படங்கள். 1797இல் ஒரு ஜோடி விழுந்தது. 1900ஆம் ஆண்டின் கடைசி நாளில் வெளிவட்டத்துக் கல் ஒன்று விழுந்தது. அதனால் 1901இல் சாய்ந்துகொண்டிருந்த 56ஆம் கல்லை வில்லியம் கௌலண்ட் நிமிர்த்தினார். விழுந்தவற்றை 1958இல் அவற்றின் பழைய குழியிலேயே நிறுத்தினார்கள். அடியில் சில கற்களுக்கு கான்கிரீட் போட்டது உண்மை. கல் பழைய கல்தான். 19ஆம் நூற்றாண்டில் வரைந்த ஓவியங்களிலும் எடுத்த புகைப்படங்களிலும் அந்தக் கற்கள் இருக்கின்றன, பார்த்துக்கொள்ளலாம்.

வட்டம் எப்போதாவது முழுமையாக இருந்ததா?

தென்மேற்குப் பக்கம் கற்கள் குறைவு என்பதால், முடிக்காமலேயே விட்டுவிட்டார்கள் என்று பலர் சொல்லிவந்தார்கள். 2013 கோடையில் மழை இல்லை. புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாய் அந்தப் பக்கம் வரை எட்டவில்லை. புல் காய்ந்தபோது, கல் இல்லாத இடங்களில் திட்டுத் திட்டாகத் தடம் தெரிந்தது, கல் நின்றிருக்க வேண்டிய அதே இடங்களில். ஒரு காலத்தில் வட்டம் முழுதாக இருந்திருக்கும் என்ற கருத்துக்கு அது பெரிய பலம். குழாய் இன்னும் சில மீட்டர் நீளமாக இருந்திருந்தால் இது தெரிந்திருக்காது.

நேரில் போனால் தொட முடியுமா? எதைப் பார்க்க வேண்டும்?

வழக்கமான நேரத்தில் முடியாது, கயிறு கட்டிய பாதையில் சுற்றி வரலாம். திறக்கும் முன்பும் மூடிய பின்பும் சிறு குழுக்களை உள்ளே விடுகிறார்கள், முன்பதிவு வேண்டும், உள்ளே போனாலும் கல்லைத் தொடக்கூடாது. ஜூன், டிசம்பர் இரண்டு நாட்களிலும் உள்ளே இலவசமாக அனுமதி உண்டு. லண்டன் வாட்டர்லூவிலிருந்து சாலிஸ்பரிக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து பேருந்து. சாலிஸ்பரி அருங்காட்சியகத்தையும் விட்டுவிடாதீர்கள்.

கல்வட்டத்தில் முதலில் 56ஆம் கல்லைத் தேடுங்கள், எல்லாவற்றிலும் உயரம் அதுதான். அதன் உத்தரம் கீழே விழுந்துவிட்டதால் தலை திறந்திருக்கிறது. வானத்தை எதிர்த்துப் பார்த்தால் உச்சியில் ஒரு குமிழ் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். பாதையில் நின்றபடியே, வெறும் கண்ணுக்கே தெரியும்.